பந்தி விசாரணை: கிறிஸ்தவத் தொண்டின் இறையியலும் தலித் மக்களின் முறையீடும்

தமிழ்க் கிறிஸ்தவர்களின் அன்றாட வழக்கில் 'ஊழியம்' என்பது மதிப்புக்குரிய சொல். நோயாளியைச் சென்று பார்ப்பது ஊழியம். பள்ளிக்கூடம் நடத்துவது ஊழியம். மறையுரை ஆற்றுவதும் ஊழியமே. இதே சொல்லுக்குப் பழைய தென்திருவிதாங்கூரில் வேறொரு பொருள் இருந்தது. அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலைக்கு அங்கே ஊழியம் என்று பெயர். அது சாதியால் ஒடுக்கப்பட்டோரின் தலைமேல் மட்டுமே விழுந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்னல் மன்றோ ரெசிடென்டாக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இந்த ஊழியத்திலிருந்து கிறிஸ்தவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆறு நாள் ஆதிக்கத்திற்கு ஊழியம், ஏழாம் நாள் கடவுளுக்கு ஊழியம் என்று ஒரே உடல் இரண்டு ஊழியங்களைச் செய்தது.

கிறிஸ்தவத் தொண்டின் இறையியலைத் தலித் விடுதலை நோக்கில் படிக்க விரும்பும் எவரும் இந்த இரட்டைப் பொருளிலிருந்துதான் தொடங்கவேண்டும் எனக் கருதுகிறோம். உலகுக்குத் தொண்டு செய்வதே திருச்சபையின் கடமை என்று இறையியல் நூல்கள் கூறுகின்றன. தலைமுறை தலைமுறையாக உலகுக்குத் தொண்டு செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்ட மக்களுக்கு இக்கூற்று என்ன பொருள் தரும்? தொண்டு என்பது உரிமைக்கு வழி திறக்கிறதா, அல்லது உரிமைக்குப் பதிலாக வைக்கப்படுகிறதா? இறையியல் கல்லூரியில் எழுவதைப் போலவே நீதிமன்றத்திலும் எழும் இக்கேள்விகளை முன்வைத்து, இக்கோட்பாட்டின் வரலாற்றையும் அதன் மீதான தலித் திறனாய்வையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

'தியாக்கோனியா' எனும் சொல்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் தொண்டைக் குறிக்கும் முதன்மையான சொல் 'தியாக்கோனியா'. பந்தியில் உணவு பரிமாறுவது, செய்தி கொண்டுசெல்வது, நற்செய்தி அறிவிப்பது ஆகிய மூன்றும் இச்சொல்லின் எல்லைக்குள் வருகின்றன. எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பவுல் திரட்டிய நிதியும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகிறது. கத்தோலிக்கர் 'திருத்தொண்டர்' என்றும், பழைய சீர்திருத்தத் திருச்சபை மொழிபெயர்ப்பு 'உதவிக்காரர்' என்றும் அழைக்கும் பொறுப்பாளரின் பெயர் இதன் வேரிலிருந்து வந்ததாகும்.

நீண்ட காலமாக இச்சொல்லுக்குத் 'தாழ்மையான பணிவிடை' என்றே பொருள் கூறப்பட்டு வந்தது. 1990-இல் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் என். காலின்ஸ் பண்டைய கிரேக்க நூல்களில் இச்சொல் ஆளப்பட்ட இடங்களை ஆராய்ந்து, அதன் மையப் பொருள் தாழ்மை அன்று, ஒருவரால் பொறுப்பளிக்கப்பட்டு அவர் சார்பில் செயல்படுவதே என்று வாதிட்டார். வழக்கறிஞர் மொழியில் கூறினால், தியாக்கோனியா என்பது அதிகாரம் அளிக்கப்பட்ட முகமை. பொறுப்பளிக்கப்பட்டவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அவர் தம் விருப்பப்படி ஈகை செய்பவர் அல்லர். காலின்ஸின் முடிவை எல்லாரும் ஏற்கவில்லை எனினும், தொண்டு குறித்த உரையாடலை இவ்வாய்வு மாற்றியமைத்தது.

தாழ்மை பற்றிய பாடத்தையும் அது சொல்லப்பட்ட சூழலோடு படிக்கவேண்டும். முதன்மையாக இருக்க விரும்புகிறவர் மற்றவர்க்குப் பணியாளராகட்டும் என்னும் இயேசுவின் போதனை, மாற்கு நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில், வலப்பக்கத்து இருக்கையையும் இடப்பக்கத்து இருக்கையையும் கேட்டுவந்த சீடர்களைச் சார்ந்தே எழுகிறது. நாற்காலி கேட்டவர்களிடம் சொல்லப்பட்ட சொல் அது. தரையில் உட்கார வைக்கப்பட்டவர்களிடம் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லி அவர்களை அமைதிப்படுத்துவது, அப்பகுதியின் பொருளையே தலைகீழாக்குவதாகும்.

முறையீட்டில் பிறந்த தொண்டு

தொண்டு எவ்வாறு ஓர் அமைப்பாக உருவெடுத்தது என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 6-ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. கத்தோலிக்கர் இந்நூலைத் திருத்தூதர் பணிகள் என்பர். எருசலேமின் முதல் கிறிஸ்தவச் சமூகத்தில் இரு பிரிவினர் இருந்தனர்: எபிரேய மரபினர், கிரேக்க மொழி பேசியோர். நாள்தோறும் நடந்த உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டனர். அவர்தம் மக்கள் முறையிட்டனர். திருச்சபையின் முதல் நிறுவனமயமான தொண்டு யாரோ ஒருவரின் இரக்கத்தில் தொடங்கவில்லை. பாகுபாட்டுக்கு எதிரான புகாரில்தான் தொடங்கியது.

இப்புகார் கையாளப்பட்ட முறையைக் கவனிக்கவேண்டும். புகார் கூறியோரை ஒற்றுமையைக் குலைப்பவர்கள் என்று அப்போஸ்தலர்கள் கண்டிக்கவில்லை. பரிமாறுவோர் இனி இன்னும் அன்பாக நடந்துகொள்ளட்டும் என்று அறிவுரை கூறி அனுப்பிவிடவும் இல்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தனர். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்னும் அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். எருசலேம் யூதரிடையேயும் கிரேக்கப் பெயர்கள் வழங்கின என்பது உண்மையே. ஆயினும் ஏழும் அவ்வாறு அமைந்திருப்பதால், புறக்கணிக்கப்பட்ட பிரிவினரிடமே பங்கீட்டுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று விளக்கவுரையாளர் பலர் கொள்கின்றனர். தட்டில் விழும் சோற்றின் அளவைக் கூட்டுவதோடு தீர்வு முடியவில்லை, கரண்டி கைமாறியது.

பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு இப்பணியைப் 'பந்தி விசாரணை' என்ற சொல்லால் குறிக்கிறது. விருந்தில் வந்தோரை விசாரித்துக் கவனிப்பது என்பது அக்காலப் பொருள். இன்று நாம் விசாரணை என்று கேட்டதும் நீதிமன்றத்தையே நினைக்கிறோம். இவ்விரு பொருளும் ஒரே இடத்தில் சந்திப்பது பொருத்தமே. யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்று விசாரிக்காத பந்தி, தொண்டு ஆகாது.

உலகை நோக்கிய தொண்டு: ஒரு சுருக்க வரலாறு

தொண்டு சபையின் எல்லைக்குள் நின்றுவிடக் கூடாது என்பதற்கு லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியன் கதையே அடிப்படை. அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி எடுத்தவன் யூதர்கள் தீண்டத்தகாதவனாகக் கருதி விலக்கிய இனத்தவன். 4-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்த ரோமப் பேரரசர் ஜூலியன்கூட, கிறிஸ்தவர்கள் தம் ஏழைகளோடு பிற சமயத்து ஏழைகளுக்கும் உணவளிப்பதைத் தம் குருவுக்கு எழுதிய மடலில் குறைபட்டுக்கொண்டார். அதே நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார் நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்குமாக ஒரு பெரும் இல்லத்தை நிறுவினார். செல்வர்களை நோக்கிய அவரது மறையுரை, அவர்களிடம் தேங்கிக் கிடக்கும் உணவும் உடையும் இல்லாதவர்க்கே உரியவை என வாதிடுகிறது. கொடுப்பது ஈகையன்று, திருப்பிக் கொடுத்தல் என்னும் கருத்து அப்போதே முளைவிட்டுவிட்டது.

நவீன காலத்தில் தொழிற்புரட்சியின் வறுமை ஜெர்மனியில் இதற்குப் புதிய வடிவம் தந்தது. தியோடோர் ஃபிளீட்னர் 1836-இல் கைசர்ஸ்வெர்த்தில் பெண்களுக்கான தொண்டர் இல்லத்தைத் தொடங்கினார். யோகான் ஹின்ரிக் விகெர்ன் 1848-இல் விட்டன்பர்க்கில் ஆற்றிய உரை, சமூகப் பணியைத் திருச்சபையின் அடையாளமாகவே முன்வைத்தது. மருத்துவமனை, அனாதை இல்லம், செவிலியர் பயிற்சி என்று நாம் இன்று அறியும் நிறுவனத் தொண்டு பெரிதும் இக்காலத்தில் உருப்பெற்றது. ஆயினும் ஏழையை உருவாக்கும் அமைப்பைக் கேள்வி கேட்பது இதன் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை.

அக்கேள்வியை 20-ஆம் நூற்றாண்டு எழுப்பியது. நாஜிச் சிறையில் இருந்தவாறே தியத்ரிக் போன்ஹோஃபர், பிறருக்காக இருக்கும்போதுதான் திருச்சபை திருச்சபையாகிறது என்ற கருத்தை எழுதினார். 1945 ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு, ஏழைகளின் துயரத்தைத் திருச்சபையின் துயரமாகவே கொண்டது. 1968-இல் மெதெயினில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் வறுமையை அநீதியின் விளைவாகப் பார்த்தனர். 1971-இல் ரோமில் கூடிய ஆயர் மாமன்றம், நீதிக்கான செயல்பாடு நற்செய்தி அறிவிப்பின் உள்ளார்ந்த கூறு என்று அறிவித்தது. அதே ஆண்டு குஸ்தாவோ குட்டியேரசின் விடுதலை இறையியல் நூல் வெளிவந்தது.

உலகத் திருச்சபைகள் மன்றம் 1969-இல் இனவெறி எதிர்ப்புத் திட்டத்தைத் தொடங்கி, தென் ஆப்பிரிக்கப் பகுதியின் விடுதலை இயக்கங்களுக்கு நிதி வழங்கியது. உணவும் மருந்தும் கொடுத்தபோது பாராட்டியவர்கள், ஒடுக்கப்பட்டோரின் அமைப்புகளுக்கே நிதியைக் கொடுத்தபோது கடுமையாக எதிர்த்தனர்; இரட்சணிய சேனை அம்மன்றத்திலிருந்து விலகியது. கரண்டி கைமாறும்போதெல்லாம் எழும் எதிர்ப்பு இது. 2009 மார்ச்சில் பாங்காக்கில் தலித் மக்களுக்கான நீதி குறித்து உலகத் திருச்சபைகளின் மாநாடு நடந்தது. 2012-இல் கொழும்பில் கூடிய மாநாடு, விளிம்புநிலை மக்கள் தொண்டைப் பெறுகிறவர்கள் மட்டுமல்லர், அவர்களே தொண்டின் முகவர்கள் என்ற நிலைப்பாட்டை வலியுறுத்தியது.

தமிழ் மண்ணில் கரண்டி யார் கையில்?

இவ்விறையியலைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் முதல் தலைமுறையிலேயே சாதியின் முன் தடுமாறினர். தரங்கம்பாடி மிஷனில் வழிபாட்டு இருக்கைகள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. 1733-இல் அந்த மிஷன் ஆரோன் என்பவரை முதல் இந்தியப் போதகராக அருட்பொழிவு செய்தது, அவர் வேளாளர். அதே காலத்தில் தஞ்சாவூர்ப் பகுதியில் சபைகளை வளர்த்தவர் இராஜநாயக்கன் என்னும் பறையர் சமூகத்து உபதேசியார். அவரது உழைப்பையும் தகுதியையும் மிஷனெரிகள் அறிந்தே இருந்தனர். ஆனால் அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெறச் சாதிக் கிறிஸ்தவர்கள் மறுப்பார்கள் என்று அஞ்சி, அவருக்குக் குருத்துவம் வழங்காமல் விட்டனர். எருசலேமில் புறக்கணிக்கப்பட்டோரிடம் பந்தி ஒப்படைக்கப்பட்டது. தரங்கம்பாடியிலோ பந்தியைக் காப்பாற்றப் புறக்கணிக்கப்பட்டவரே விலக்கப்பட்டார்.

1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு சாதியைக் கைவிடாதோரைச் சபையில் ஏற்பதில்லை என்று தீர்மானித்தது. தீர்மானங்களைத் தாண்டியும் சுவர்கள் நின்றன. வடக்கன்குளத்தில் வழிபடுவோரைச் சாதிவாரியாகப் பிரித்த ஆலயச் சுவரை அருட்தந்தை கௌசானல் 1910-இல் இடித்தார். சுவரை மீட்கக் கோரி வேளாளர் தரப்பினர் தொடுத்த மைக்கேல் பிள்ளை வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. தனிக் கல்லறை, தனிப் பாதை, தலித் தெருவுக்குள் வராத தேர் என்று அப்பிரிவினை இன்றும் பல பங்குகளில் தொடர்கிறது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடியபோது வன்முறை மூண்டது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஏடு, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது.

தலித் மக்கள் வெறுமனே தொண்டைப் பெற்றவர்களாக வரலாற்றில் நிற்கவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும். தென்திருவிதாங்கூருக்கு மிஷனெரி ரிங்கல்தௌபே வரக் காரணமானவர் மயிலாடியைச் சேர்ந்த மகராசன் வேதமாணிக்கம் என்னும் சாம்பவர். சென்னையில் பள்ளிகளையும் சமூக இயக்கத்தையும் கட்டியெழுப்பியோரில் ஒருவர், அயோத்திதாசரோடு இணைந்து 1885-இல் 'திராவிட பாண்டியன்' இதழை நடத்திய அருட்திரு ஜான் இரத்தினம்.

தொண்டு நிலமாக மாறிய தருணம்

தொண்டு உரிமையாக மாறியதற்குத் தமிழக வரலாற்றில் மிகத் தெளிவான சான்று பஞ்சமி நிலம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு மாவட்டத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனெரி ஆடம் ஆண்ட்ரூவும், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும், பள்ளியும் மருந்தும் மட்டும் போதாது என்பதைக் களத்தில் கண்டனர். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் அன்றே குடிசையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. தரிசு நிலத்திற்குத் தர்காஸ்து மனு போட்டால், அதிலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. மிஷனெரிகள் தலித் மக்களுக்காக மனுக்கள் போட்டனர், மறுக்கப்பட்டபோது அரசிடம் வாதிட்டனர், பத்திரிகைகளில் எழுதினர்.

1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹியர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு விரிவான குறிப்பை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறப்பிக்கப்பட்ட அரசாணை, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வழி செய்தது. 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்னும் நிபந்தனைகள் இந்நிலங்களுக்கு விதிக்கப்பட்டன. அந்நிபந்தனைகளின் பலத்தில்தான் இன்றும் மீட்பு வழக்குகளை நடத்துகிறோம்.

இதனை மிஷனெரிகளின் கொடை என்று சுருக்கிவிடக் கூடாது. அடியும் வெளியேற்றமும் நேரும் என்று தெரிந்தே மனுவில் கைநாட்டு வைத்தவர்கள் சேரி மக்கள். மிஷனெரிகள் செய்தது, அம்முறையீட்டை அரசின் செவிக்கு எட்டச் செய்தது. காலின்ஸ் கூறும் பொருளில் அவர்கள் அங்கே முகவர்களாயினர். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கச் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர். ஒருவர் பெயர் கிறிஸ்தவப் பெயர். மற்றவர் பெயர் இந்துப் பெயர். அவர்கள் கேட்டது ஒரே நிலம்.

தலித் இறையியலின் திறனாய்வு

அம்பேத்கர் தீண்டத்தகாதோரின் மதமாற்றம் குறித்து எழுதியபோது, மிஷன்களின் கல்வி, மருத்துவப் பணிகளின் பயன் பெரிதும் சாதி இந்துக்களுக்கே சென்றது என்றும், தம் சபையிலிருந்த தீண்டத்தகாதோரின் சமூக, அரசியல் உரிமைகளுக்காக மிஷனெரிகள் உரிய அளவு போராடவில்லை என்றும் குற்றஞ்சாட்டினார். செங்கற்பட்டு நிகழ்வு விதிவிலக்காகவே நிற்கிறது என்பதால் அக்குற்றச்சாட்டின் வலு குறையவில்லை.

அதனை இறையியலுக்குள் எழுப்பியவர் அரவிந்த் பி. நிர்மல். 1981-இல் பெங்களூருவில் அவர் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. இந்தியக் கிறிஸ்தவ இறையியல் பார்ப்பனியத் தத்துவத்தோடு மட்டுமே உரையாடி வந்தது என்றும், திருச்சபையின் பெரும்பான்மையினரான தலித் மக்களின் வலியை அது தொடவே இல்லை என்றும் அவர் கூறினார். கடவுளையே தொண்டராக, துப்புரவு செய்வோர் வரிசையில் நிற்பவராக அவர் கண்டார். இதற்கு எதிர்வாதமும் எழுந்தது: கடவுளைத் தொண்டராக்குவது சாதி சுமத்திய வேலையைப் புனிதமாக்கிவிடாதா? நியாயமான ஐயம் இது. விரும்பி ஏற்ற தொண்டும் பிறப்பால் திணிக்கப்பட்ட தொண்டும் ஒன்றல்ல. மறுக்கும் உரிமை உள்ளவர் செய்யும்போதுதான் அது தொண்டு. மறுக்க முடியாதவர் செய்வது அடிமை வேலை. அரசமைப்பின் 23-ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடை செய்வதன் உட்பொருளும் இதுவே.

சென்னைப் பேராயர் எம். அசரியா இக்கேள்விகளை உலக அரங்குகளுக்குக் கொண்டுசென்றார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, மக்கள் 'பரட்டை' என்று அழைத்தவர், 'ஒரு உலை' என்னும் கருத்தை முன்வைத்தார். எல்லார் அரிசியும் ஒரே உலையில் வேகட்டும். எல்லாரும் சேர்ந்து உண்ணட்டும் என்பதே அதன் சாரம். உலையில் தம் அரிசியும் இருப்பவர் உண்ணும்போது கைநீட்டி நிற்பதில்லை. அங்கே கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவே இல்லை.

சட்டத்தின் முன் தொண்டு

1950-ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணையின் 3-ஆம் பத்தி, இந்து அல்லாதவர் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே உள்ளனர். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவர், அருகிலிருந்த இந்துத் தொழிலாளர்களுக்கு வழங்கப்பட்ட பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதால் உச்சநீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் அதே கடுமையோடு சாதி இழிவு தொடர்கிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1985-இல் அவரது மனு தள்ளுபடியானது. மதத்தைக் கணக்கில் கொள்ளாமல் அட்டவணைச் சாதித் தகுதி வழங்க ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் இதே கேள்விக்காகக் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

இதன் விளைவைக் களத்தில் காண்கிறோம். சிற்றூர் ஒன்றில், தலித் கிறிஸ்தவர் ஒருவரின் உடலைப் பொதுக் கல்லறைத் தோட்டத்திற்குக் கொண்டுசெல்லத் தடுத்தவர்களும் கிறிஸ்தவர்களே. நாங்கள் குடும்பத்தாரோடு காவல் நிலையம் சென்றபோது முதலில் கேட்கப்பட்டது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித்துகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவதால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று கூறித் திருப்பி அனுப்பினர். மறுநாள் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக்காட்டிப் புகாரைப் பதிவு செய்ய வைத்தோம்.

மாணவர்கள் இச்சட்டத்தை அறிந்திருக்கவேண்டும். வழிபாட்டிடத்திலும் இடுகாட்டிலும் தீண்டாமையின் பேரால் தடுப்பதை இச்சட்டம் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் அட்டவணைச் சாதியினராக இருந்தே தீரவேண்டும் என்று அப்பிரிவுகள் கூறவில்லை. ஆனால் தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கும் 12-ஆம் பிரிவின் பாதுகாப்பு அட்டவணைச் சாதியினருக்கு மட்டுமே உண்டு. எனவே தலித் கிறிஸ்தவர் காரணத்தையும் தாமே மெய்ப்பிக்கவேண்டும். அரசமைப்பின் 17-ஆம் உறுப்பு எந்த வடிவிலும் தீண்டாமையைத் தடை செய்கிறது. அதில் மதம் பற்றிய நிபந்தனை எதுவும் இல்லை.

மறுபுறம், சட்டம் திருச்சபைக்குத் தந்துள்ள சலுகைகளும் உள்ளன. 30-ஆம் உறுப்பு சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களை நிருவகிக்கும் உரிமையைத் தருகிறது. 15(5)-ஆம் உறுப்பு சேர்க்கை இடஒதுக்கீட்டிலிருந்து அந்நிறுவனங்களை விலக்குகிறது. 2014-இல் பிரமதி வழக்கில் அரசமைப்பு அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. இவ்வுரிமைகள் பெரும்பான்மைவாதத்திற்கு எதிரான அரண் என்பதில் நமக்கு ஐயமில்லை; அவற்றைப் பறிக்கத் துடிப்போருடன் நாம் நிற்கப்போவதும் இல்லை. ஆனால் தலித் குழந்தைக்கு இடம் தரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது, இடம் தரக் கூடாது என்பதாகாது. சட்டம் நிற்கும் அவ்விடத்தில் தொண்டின் இறையியல் பேசவேண்டும். எந்த மக்களின் எண்ணிக்கையைக் காட்டிச் சிறுபான்மை உரிமை பேணப்படுகிறதோ, அம்மக்களின் பிள்ளைகள் அந்தக் கல்லூரியின் வகுப்பறையிலும் ஆசிரியர் அறையிலும் ஆட்சிக்குழுவிலும் எத்தனை பேர் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

தூண்டில் என்னும் குற்றச்சாட்டு

தொண்டு என்பது மதமாற்றத் தூண்டில் என்ற குற்றச்சாட்டு அடிக்கடி எழுப்பப்படுகிறது. தமிழ்நாட்டில் 2002-இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், ஆசை காட்டி மதம் மாற்றுவதைக் குற்றமாக்கியது. 2004 தேர்தலுக்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டது. இவ்வாதம் தலித் மக்களைச் சிந்தித்து முடிவெடுக்கத் தெரியாதவர்களாகக் கருதுகிறது என்பதே அதன் முதல் பிழை. நிபந்தனை வைத்துக் கொடுப்பது தொண்டின் இலக்கணத்திற்கே முரண் என்பதையும் இறையியல் நோக்கில் கூறவேண்டும். நல்ல சமாரியன் அடிபட்டவனிடம் மதம் கேட்கவில்லை. விடுதிக்காரரிடம் பணம் கொடுத்துவிட்டுத் தன் வழியே சென்றான்.

நாம் கேட்கவேண்டியவை

கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்களில் படிப்போரும் பணியாற்றுவோரும் அவற்றோடு இணைந்து போராடுவோரும் மூன்று கேள்விகளை எழுப்பலாம். முதலாவது, இங்கே முறையீடு கேட்கப்படுகிறதா, அல்லது முறையிட்டவர் நன்றி மறந்தவர் எனப்படுகிறாரா? இரண்டாவது, நிதி, நிலம், நியமனம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் இடத்தில் புறக்கணிக்கப்பட்ட மக்கள் இருக்கின்றனரா? மூன்றாவது, இத்தொண்டு பட்டாவாக, பட்டமாக, பதவியாக, தீர்ப்பாக மாறி மக்கள் கையில் நிலைக்கிறதா, அல்லது ஆண்டுதோறும் அதே வரிசையில் அவர்களை நிற்க வைக்கிறதா?

இக்கேள்விகள் திருச்சபைக்கு மட்டும் உரியவை அல்ல. தொண்டு நிறுவனங்களும் கட்சிகளும், நம் சட்ட உதவி மையங்களும் இவற்றுக்கு விடை கூறக் கடமைப்பட்டவை. ஆயினும் திருச்சபை இவற்றிலிருந்து தப்பிக்க முடியாத ஒரு காரணம் உண்டு. அதன் தொண்டே பந்தியில் விடுபட்டுப்போன கைம்பெண்களின் முறையீட்டிலிருந்துதான் தொடங்கியது என்று அதன் மறைநூலே கூறுகிறது. கல்லறைக்கு வழி கேட்டு, பள்ளியில் இடம் கேட்டு, அட்டவணைச் சாதித் தகுதி கேட்டு இன்று தலித் கிறிஸ்தவர்கள் எழுப்பும் முறையீடு, எருசலேமில் எழுந்த அந்த முறையீட்டின் தொடர்ச்சியே. அதற்குச் செவிகொடுத்துப் பொறுப்பை ஒப்படைக்கும் திருச்சபையே உலகுக்குத் தொண்டு செய்வதாகக் கூறிக்கொள்ள முடியும்.